வேட்டியும் செருப்பும் உள்ளே வரலாமா? சென்னையில் ஒரு விருந்துக்கு பார் தேர்ந்தெடுத்தல்

பணி ஓய்வு பெறும் நண்பருக்கு விருந்து வைக்க வேண்டும். இடம் சென்னை. அழைக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் குடிப்பார்கள், மீதிப் பேர் குடிக்க மாட்டார்கள். இப்படி ஒரு பொறுப்பு தலையில் விழுந்தால் பெரும்பாலோர் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அடுத்துத் தூரத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வாசலை. வருகிறவர்களில் யாரை வாசலில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகமோ, அவர் தயங்காமல் நுழையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். விருந்துக்கு அழைத்துவிட்டு ஒருவரைப் படிக்கட்டில் நிற்க வைப்பதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் ஒப்பீடு விளங்கும். விருந்து தமிழாசிரியர் ஒருவருக்கு. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, தோல் செருப்பு. அவரை நான் வேறு கோலத்தில் பார்த்ததே இல்லை. வங்கியில் மேலாளராக இருக்கும் அம்மையார் ஒருவர் வருகிறார். எப்போதாவது பீர் குடிப்பார். ஏ.சி. பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், வேலை முடிந்த கையோடு நிறுவனப் பெயர் பொறித்த டி-சர்ட்டும் ரப்பர் செருப்புமாக வருவார். கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு அரைக்கால் சட்டைதான் மாலை உடை. ஆசிரியரின் பழைய மாணவர்கள் சிலர் மதுவைத் தொடமாட்டார்கள். ஆனால் அவருக்காகக் கட்டாயம் வருவார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சென்னையில் அதற்கு நான்கு வகை இடங்கள் உண்டு: டாஸ்மாக் கடையை ஒட்டிய பார், நட்சத்திர ஓட்டலின் பப், உறுப்பினர்களுக்கான மன்றம் (கிளப்), நடுத்தர ஓட்டலின் ஏ.சி. பார். இவற்றுக்கு வெளியே அதிகம் இல்லாததற்குக் காரணம் நம் மாநிலத்தின் உரிம முறை. தெருமுனையில் தனியாக ஓர் உணவகம் திறந்து, அதில் மது பரிமாற இங்கே உரிமம் கிடைக்காது. மன்றங்களுக்கு எஃப்.எல்.2, தங்கும் அறைகள் உள்ள ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3ஏ என்று உரிமங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் சாலையோரம் பப் பார்த்துப் பழகியவர்கள் சென்னைக்கு வந்தால், எல்லாம் ஏதோ ஓர் ஓட்டலின் மாடியிலோ அடித்தளத்திலோ இருப்பதைக் கண்டு வியப்பது இதனால்தான். இங்கே பார் என்பது எப்போதும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இன்னொன்று கடையா, ஓட்டலா, மன்றமா என்பதைப் பொறுத்தே வாசலில் நிற்பவரின் குணமும் அமைகிறது.

டாஸ்மாக் பார்

டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. சில்லறை விற்பனையை முழுவதுமாக அரசு கையில் எடுத்தது 2003-இல். கடை அரசுடையது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பாரை ஏலத்தில் எடுத்து நடத்துபவர் தனியார். பாட்டிலைக் கடையில் வாங்கிக்கொண்டு பாருக்குள் போக வேண்டும். அங்கே தண்ணீர், டம்ளர், சைடு டிஷ் மட்டும் கிடைக்கும். இந்த இரட்டை அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் போனால் சேவையைப் பற்றிய புகாரை யாரிடம் சொல்வது என்றே தெரியாது. கடை விற்பனையாளர் பாரைக் கைகாட்டுவார், பார்க்காரர் கடையைக் கைகாட்டுவார்.

உடையைப் பற்றி இங்கே ஒரு கேள்வியும் இல்லை. லுங்கி, அரைக்கால் சட்டை, சிமெண்ட் படிந்த வேலைச் சட்டை என எதுவானாலும் உள்ளே வரலாம். இந்த ஒரு விஷயத்தில் சென்னையின் மிகத் திறந்த வாசல் இதுதான் என்பதை மனமாரச் சொல்வேன். பரிமாறும் பையன்கள் சுறுசுறுப்பானவர்கள். அவித்த முட்டை, சுண்டல், மாங்காய்த் துண்டு, ஈரல் வறுவல், குடல் கறி என்று கேட்டதைச் சொன்ன நேரத்துக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். யார் எத்தனை ஆம்லெட் வாங்கினார் என்பதை மனக்கணக்காக வைத்திருந்து கடைசியில் தொகையைச் சொல்வார்கள். அச்சிட்ட பில் வராது. விலைப்பட்டியலும் பெரும்பாலான இடங்களில் கண்ணில் படாது.

எங்கள் விருந்துக்கு இது ஆகாது, காரணம் எளிது. வங்கி அம்மையார் இங்கே காலடி வைக்க முடியாது. எழுதி வைத்த தடை ஏதும் இல்லை. ஆனால் அந்த இடம் ஆண்களுக்கு மட்டுமே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கழிப்பறை வரைக்கும். குடிக்காதவர்களுக்கும் ஒதுங்க இடம் கிடையாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது; அந்தத் தடையின் சுவடு தெரியாத பார்கள் இன்னும் இருக்கின்றன. நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை என்பதால் ஒன்பதரைக்கு மேல் கவுண்டரில் நெரிசல் தாங்காது. ஓர் ஆசிரியரின் முப்பதாண்டுப் பணியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச நினைப்பவருக்கு அந்த இரைச்சலில் குரல் எழும்பாது.

மன்றம்

மறுமுனையில் இருப்பது மன்றம். எங்கள் நண்பர்களில் ஒருவரின் அண்ணன் பழைய மன்றம் ஒன்றில் உறுப்பினர். “நான் ஏற்பாடு செய்கிறேன், செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். பெருந்தன்மையான அழைப்பு அது. சேவையை மட்டும் கணக்கில் எடுத்தால் மன்றத்தை விஞ்ச வேறு இடமில்லை. பல ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்யும் பரிமாறுநர்கள், அவசரப்படுத்தாத மேசை, அடக்கமான விலை, உட்கார்ந்து பேச அகலமான தாழ்வாரம் என்று எல்லாமே பொருந்தும். விருந்தினர் பணம் கொடுக்க முடியாது. உறுப்பினர் கையெழுத்திட்டால் கணக்கு அவர் பெயரில் ஏறும். பின்னால் அவரிடம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான். பத்துப் பதினைந்து பேரின் கணக்கை ஒருவர் தலையில் ஏற்றுவது கூச்சமாக இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சிக்கல் உடை விதியில். மெட்ராஸ் கிளப் 1832-இல் தொடங்கியது. ஐரோப்பியருக்காக மட்டுமே தொடங்கப்பட்ட அதன் கதவுகள் இந்தியர்களுக்குத் திறக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. இந்தியர்களும் சேரக்கூடிய இடமாக 1873-இல் காஸ்மாபாலிடன் கிளப் உருவானது. ஜிம்கானா 1884-இல் வந்தது. காலர் வைத்த சட்டை, மூடிய ஷூ, குறிப்பிட்ட அறைகளில் குறிப்பிட்ட உடை என்ற ஒழுங்கு அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டது. அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் விதிப் புத்தகம் இங்கேயே தங்கிவிட்டது. பிறந்த ஊரில், பிறந்த மண்ணின் உடையில் ஒருவர் உள்ளே வர முடியாது என்று நம்மவர்களே நம்மவர்களைத் தடுத்தார்கள்.

2014 ஜூலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்கு அழைப்பின் பேரில் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் அவரை உள்ளே விடவில்லை. எழுந்த கண்டனம் சட்டமன்றம் வரை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில், பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேறியது. வேட்டியோ இந்தியாவின் வேறு மரபு உடையோ அணிந்து வருபவரை அந்த உடைக்காக மட்டுமே தடுக்கக் கூடாது என்கிறது அது. மீறும் மன்றத்தின் உரிமம் ரத்தாகும். தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு நீதிபதியைத் தடுத்த பிறகுதான் இது சட்டமாயிற்று. அதற்கு முன்பு அந்தப் படிகளில் திரும்பிப்போன பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

ஆக, எங்கள் ஆசிரியரை இன்று மன்றத்தில் வேட்டிக்காகத் தடுக்க முடியாது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஐயாவுக்குப் பிரச்சினை இல்லை, தம்பி. அந்த ஏ.சி. வேலை பார்க்கும் பையன் மட்டும் ஷூ போட்டு, காலர் சட்டையில் வந்துவிட்டால் நல்லது. இளைஞர்கள் அரைக்கால் சட்டையில் வர வேண்டாம்.” அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை, விதியைத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தில்தான் மன்றம் எங்கள் பட்டியலிலிருந்து விலகியது. மரபு உடைக்குச் சட்டம் துணை நிற்கிறது. வேலை செய்து வியர்த்த டி-சர்ட்டுக்கு அப்படி ஒரு துணை இல்லை. இளைஞர்களிடம் பேண்ட் போட்டு வரச் சொல்லலாம், சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வேலை முடிந்து ஓடி வருபவரிடம் “உன் உடை போதாது” என்று நான் எப்படிச் சொல்வேன்?

நட்சத்திர ஓட்டல் பப்

இளைஞர்கள் விரும்பியது இதைத்தான். அவர்களின் காரணங்களும் நியாயமானவை. அளவு சரியாக இருக்கும். ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 மில்லி, கண்ணெதிரே அளந்து ஊற்றுவார்கள். மதுவில்லாத பானங்களுக்கே தனிப் பக்கம் இருக்கும். குடிக்காதவர் கையிலும் எலுமிச்சையும் புதினாவும் போட்ட அழகான கண்ணாடிக் குவளை இருக்கும். யார் என்ன குடிக்கிறார் என்று எவரும் கவனிக்கப் போவதில்லை. வங்கி அம்மையாரும் இதற்கே வாக்களித்தார். “பப்பில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது போதும்” என்றார். இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆண்கள் நினைத்தே பார்க்காத ஒரு சுதந்திரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலையில்தான் இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்கள்.

வாசல்தான் தடை. ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது, செருப்பு கூடாது, கையில்லாத பனியன் கூடாது என்பது பொதுவான விதி. இது பல இடங்களில் எழுதிக்கூட வைக்கப்படுவதில்லை. “அனுமதி உரிமை நிர்வாகத்துக்கே” என்ற ஒரு வரிப் பலகைக்குள் எல்லாம் அடக்கம். வார இறுதியில் இன்னொரு விதியும் சேரும்: ஆண்கள் மட்டும் வந்தால் அனுமதி இல்லை, ஜோடியாக வர வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காக என்பார்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றுவதை நான் பார்த்ததில்லை. விலையுயர்ந்த காரில் வந்திறங்கும் நான்கு ஆண்கள் உள்ளே போவதையும், ஆட்டோவில் வந்திறங்கும் நான்கு ஆண்கள் திரும்புவதையும் ஒரே இரவில் ஒரே வாசலில் பார்க்கலாம்.

என் சித்தப்பா விவசாயி. மகன் முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவை நல்ல இடத்துக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டு, பெரிய ஓட்டல் ஒன்றின் பப்புக்குக் கூட்டிப்போனான். நானும் உடன் இருந்தேன். வாசலில் நின்ற இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்: “உங்களுக்குப் பிரச்சினை இல்லை சார், ஐயா செருப்பு போட்டிருக்கிறார்.” வேட்டியைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. அங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. சட்டம் உடையைப் பற்றியது. தடுப்பது காலணியைச் சொல்லி. வேட்டிக்கு யாராவது ஷூ போடுவார்களா? செருப்பைத் தடுத்தால் வேட்டியைத் தடுத்தது போலத்தான் என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. சித்தப்பா “பரவாயில்லப்பா, கீழே ஏதாவது சாப்பிடலாம்” என்றார். கீழ்த்தளத்து உணவகத்தில் அதே செருப்போடு உட்கார்ந்தோம், பணிவாகப் பரிமாறினார்கள். பக்கத்து மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. அங்கே மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பட்டு வேட்டியும் செருப்புமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதே ஓட்டல், அதே தரைவிரிப்பு.

அன்றிலிருந்து ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. உடை விதி ஓட்டலுக்கு உரியது இல்லை, அந்தக் குறிப்பிட்ட கதவுக்கு உரியது. நட்சத்திர ஓட்டலில்தான் விருந்து வைக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: பப்பை விட்டுவிட்டு அதே ஓட்டலின் சிறிய விருந்து மண்டபத்தை வாடகைக்கு எடுங்கள். அங்கே உங்கள் விருந்தினரை யாரும் மேலும் கீழும் பார்க்க மாட்டார்கள். அந்த மண்டபத்தில் மது பரிமாற ஓட்டலின் உரிமம் இடம் தருகிறதா, வேறு அனுமதி வேண்டுமா என்பதை மட்டும் விருந்துப் பிரிவு மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் பணம் தாராளமாக இருந்திருந்தால் நாங்களும் இதைத்தான் செய்திருப்போம்.

பப்பின் பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேவை நன்றாக இருந்ததா என்ற தீர்ப்பு பலருக்கும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மாறுகிறது. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. உணவுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக உணவகங்களில் அது 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். ஒரே பில்லில் இரண்டு வகை வரி இருப்பதைப் பார்த்து ஏமாற்று என்று சண்டை போட வேண்டியதில்லை. சண்டை போட வேண்டியது சேவைக் கட்டணத்துக்காக. தானாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே பில்லில் அப்படி ஒரு கட்டணம் இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொன்ன கையோடு, பரிமாறியவருக்கு நேரடியாக டிப்ஸ் கொடுங்கள். அந்தக் கட்டணத்தைக் கேட்டது அவர் அல்லர். இரவு முழுக்க நின்றவர் அவர்தான். வாசலில் செருப்பைச் சொல்லித் தடுத்த இளைஞரும்கூட அந்த விதியை எழுதியவர் அல்லர். ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையையும் ஷூவையும் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பவர். அவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. மேலாளரை அழைத்துக் கேட்க வேண்டும், ஓட்டலுக்கு எழுத வேண்டும்.

நடுத்தர ஓட்டலின் ஏ.சி. பார்

எங்கள் முடிவு இதுதான். எழும்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர், வடபழனி என்று எந்தப் பகுதியிலும் தங்கும் அறைகள் உள்ள ஓட்டல் ஒன்றின் முதல் மாடியிலோ அடித்தளத்திலோ இப்படி ஒரு பார் இருக்கும். மங்கலான விளக்கு, சுவரில் கிரிக்கெட் ஓடும் தொலைக்காட்சி, ரெக்சின் உறை போட்ட இருக்கைகள். வாசலில் யாரும் நின்று கால்களைப் பார்ப்பதில்லை. வேட்டி, ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை எல்லாம் ஒரே கதவு வழியாகப் போகும். மருந்து விற்பனைப் பிரதிநிதியின் டையும் போகும்.

சேவை இங்கே வேறு வகை. மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, அப்பளம் வரும். மூத்த பரிமாறுநர் என்றால் நீங்கள் முதல் சுற்றில் சோடா கேட்டதை மூன்றாம் சுற்றிலும் நினைவில் வைத்திருப்பார். மெதுவாகக் குடிப்பவரை அவசரப்படுத்தமாட்டார். தடுமாறத் தொடங்கியவருக்கு அடுத்த லார்ஜைத் தள்ளிப்போட்டு, “முதலில் சாப்பாடு சொல்லட்டுமா சார்” என்று கேட்பார். இந்தப் பக்குவத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. சமையலறை பெரும்பாலும் கீழே உள்ள உணவகத்துக்கும் பொதுவானது என்பதால் குடிக்காதவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். சைவர்களுக்கும் கோபி மஞ்சூரியனைத் தாண்டிப் பலவும் உண்டு. விலை டாஸ்மாக் கடையைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும், பப்பைவிட நன்றாகவே குறையும்.

குறைகளையும் மறைக்கவில்லை. சில இடங்களில் கேட்ட பிராண்டுக்குப் பதில் வேறொன்று வருகிறது என்ற புகார் உண்டு. அளக்கும் குவளை மேசைக்கு வராமல் கவுண்டரிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் அளவில் சந்தேகம் எழும். இதற்கு எளிய வழி, பெக் கணக்கில் வாங்காமல் மூடி திறக்காத பாட்டிலாக மேசைக்குக் கேட்பது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும், எல்லா ஓட்டலும் தராவிட்டாலும் கேட்டுப் பார்க்கலாம். பீர் என்றால் மேசையில் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லை என்று சொல்லும் இடத்தில் உட்காராதீர்கள்.

பெரிய குறை, அம்மையார் சொன்னது. “உடையைப் பார்த்து நிறுத்த மாட்டார்கள், சரி. ஆனால் நான் நுழைந்ததும் பத்து மேசையும் திரும்பும். வாசலில் நிறுத்துவதும் உள்ளே வெறித்துப் பார்ப்பதும் எனக்கு ஒன்றுதான்.” இந்த வார்த்தைக்குப் பிறகு என் அளவுகோலையே அகலமாக்க வேண்டியதாயிற்று. ஆசிரியரையும் ஏ.சி. தம்பியையும் வாசலில் காப்பாற்றிவிட்டு, அம்மையாரை உள்ளே பார்வைகளுக்கு நடுவில் உட்கார வைத்தால் அது என்ன விருந்து? இளைஞர்கள் உடனே பப்பின் பக்கம் சாய்ந்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாதாரண ஏ.சி. பாரையும் அப்படியே ஏற்க முடியவில்லை.

கடைசியில் வழி காட்டியது அம்மையாரேதான். இந்த வகை ஓட்டல்கள் சிலவற்றில் பாருக்குப் பக்கத்தில் “ஃபேமிலி” என்று பலகை மாட்டிய தனி அறை இருக்கிறது. உணவகத்துக்கும் பாருக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் பரிமாறக்கூடிய அறை. குடும்பத்தோடு வருபவர்கள், பெண்கள், குடிக்காதவர்கள் கலந்த கூட்டத்துக்காக ஒதுக்கியது. பாரைப் போலவே அங்கும் உடை விதி கிடையாது. பார்வை வந்து விழுவதற்கு அங்கே வேறு மேசைகளும் அதிகம் இல்லை. அவருடைய வங்கிக் கிளையின் பிரிவுபசார விருந்துகள் இப்படி ஓர் அறையில்தான் நடக்கும் என்றார். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

ஆனாலும் நேரில் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பெண்களுக்கான கழிப்பறை அந்தத் தளத்திலேயே இருக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று அம்மையாரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாடிப்படியில் கைப்பிடி உண்டா, லிஃப்ட் உண்டா என்பதை ஆசிரியரின் முழங்காலுக்காக நான் பார்த்தேன். ஏ.சி. சரியாகக் குளிர்கிறதா என்று சொல்ல எங்களிடம் நிபுணரே இருந்தார்.

தொலைபேசியில் இடம் பதிவு செய்யும்போது “உடை விதி உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் “அதெல்லாம் இல்லை சார்” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். “எங்களோடு ஒருவர் வேட்டி, செருப்பில் வருகிறார், இன்னொருவர் வேலைச் சீருடையில், இரண்டு பேர் அரைக்கால் சட்டையில், உள்ளே விடுவீர்களா?” இந்தக் கேள்விக்குத் தயங்குகிற குரலிலேயே விடை இருக்கும். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதையே ஒரு குறுஞ்செய்தியாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அன்று வாசலில் வேறு ஆள் நின்றாலும் காட்டுவதற்கு ஒன்று கையில் இருக்கும். கூட்டத்தில் மிக இளையவர்கள் இருந்தால் வயதுச் சான்றை எடுத்துவரச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் மது அருந்தும் வயது 21, தாடி வைத்திருப்பதெல்லாம் சான்றாகாது.

வண்டியில் வருபவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: குடிப்பவர் வண்டி எடுத்து வரக் கூடாது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இந்தக் காரணத்துக்காகவே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டலாகப் பார்த்தோம், நேரத்தையும் மாலை ஆறு மணி என்று முன்னுக்குக் கொண்டுவந்தோம். ஏ.சி. தம்பிக்கு மட்டும் வேலை முடிய ஏழரை ஆகிவிடும். அவர் வரும் வரை சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டதற்கு, ஓட்டல் மேலாளர் “அவர் வந்த பிறகே சமைக்கச் சொல்கிறேன் சார்” என்றார். முன்பணம் கட்டிவிட்டேன்.